மாணவர் கையால் ஒரு செயற்கைக்கோள்

(மூன்றாம் ஆண்டு, மின்னணு மற்றும் தொடர்பியல் பிரிவு)



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா என்று சங்கச் செயலாளர் கேட்டபோது கவிதைதான் கேட்கிறான் என்று நினைத்தேன். கவிதை இருபதுக்கு மேல் வந்துவிட்டதாம், கட்டுரைக்குத்தான் ஆள் இல்லையாம். எனக்கும் கவிதை வராது. ஆகவே, போன ஒரு வருஷமாக நானும் என்கூடப் படிக்கிற மூன்று பேரும் தலையைப் போட்டு உடைத்துக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தை எழுதுகிறேன். மாணவர்களே செய்து விண்ணுக்கு அனுப்பிய சின்னஞ்சிறு செயற்கைக்கோள்களைப் பற்றிய விஷயம் அது.

"நமக்கும் அதுக்கும் என்னப்பா சம்பந்தம்? நாம டிப்ளமோ" என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. நானும் அப்படித்தான் நினைத்தேன். என் அப்பா கொத்தனார். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். செயற்கைக்கோள் என்றால் வெள்ளைக் கோட்டு, தலைக்குத் துணிக் குல்லா, கண்ணாடி அறை, அதற்குள் தங்கத் தகடு சுற்றிய பெரிய எந்திரம், இதுதான் என் மனதில் இருந்த படம். அந்த அறைக்குள் நம்மை வாட்ச்மேனே விடமாட்டார் என்றும் நினைத்திருந்தேன்.

அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு டேப். பாட்டு டேப் இல்லை. அப்பா சுவர் அளக்கிற இரும்பு டேப். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் கதையின் தொடக்கம்.

1957 அக்டோபர் 4-ல் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவியது நாம் அறிந்ததே. அதற்கு நாலே வருஷம் கழித்து, 1961 டிசம்பர் 12-ல், ஆஸ்கார்-1 என்ற ஒரு பெட்டி விண்ணுக்குப் போனது. அதைச் செய்தது அரசாங்கம் இல்லை. கலிபோர்னியாவில் ஓய்வு நேரத்தில் ஹாம் ரேடியோ வைத்து விளையாடும் ஆட்கள். ராக்கெட்டில் எடை சமன் செய்வதற்காகச் சும்மா ஒரு கனத்தை வைப்பார்கள். அந்தக் கனத்துக்குப் பதிலாக எங்கள் பெட்டியை வையுங்கள் என்று கேட்டு இடம் வாங்கினார்கள். சுமார் நாலரைக் கிலோ. அது செய்தது ஒரே வேலை: மோர்ஸில் நாலு புள்ளி, ரெண்டு புள்ளி, அதாவது 'ஹாய்' என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது எது தெரியுமா? அந்த 'ஹாய்' சொல்லும் வேகம் பெட்டிக்குள் இருக்கும் வெப்பத்தைப் பொறுத்து மாறும்படி செய்திருந்தார்கள். தரையில் ஒருவர் கையில் கடிகாரம் வைத்துக்கொண்டு எண்ணினால் போதும், மேலே எவ்வளவு சூடு என்று கணக்குப் போட்டுவிடலாம். கம்ப்யூட்டர் இல்லை, ஒன்றும் இல்லை. மூன்று வாரம் அது பேசியது. 28 நாடுகளில் 570-க்கு மேற்பட்டவர்கள் கேட்டு எழுதி அனுப்பினார்கள்.

அடுத்தது ஆஸ்திரேலியா. மெல்போர்ன் பல்கலைக்கழக மாணவர்கள் 1960-களின் நடுவில் 17.7 கிலோவில் ஒரு செயற்கைக்கோள் செய்தார்கள். சூரியத் தகடு கிடையாது, வெறும் பேட்டரி. ஒரே பக்கமாகப் பார்த்து நிற்க ரெண்டு காந்தக் கட்டை, அவ்வளவுதான். திசைகாட்டி முள் மாதிரி பூமியின் காந்தப் புலத்தோடு அது தன்னாலே சேர்ந்து நிற்கும். செய்து முடித்த பிறகும் ராக்கெட்டில் இடம் கிடைக்க வருஷக்கணக்கில் காத்திருந்து, 1970 ஜனவரி 23-ல்தான் மேலே போனது. அதன் ஒரு அலைவரிசை 23 நாளும் இன்னொன்று 46 நாளும் வேலை செய்தன.

அதற்கு ஆன்டெனா எதில் செய்தார்கள்? தச்சர்கள் வைத்திருக்கும் இரும்பு அளவு டேப்பில்!

இதைப் படித்த அன்றைக்கு நான் அப்பாவின் பையிலிருந்து டேப்பை எடுத்துப் பார்த்தேன். நீங்களும் பாருங்கள். அது தட்டையாக இல்லை, குறுக்கே லேசாக வளைந்து ஓடு மாதிரி இருக்கும். அந்த வளைவுதான் அதற்கு விறைப்பு. மூன்றடி வெளியே இழுத்தாலும் தொங்காமல் நிற்கும். ஆனால் சுருட்டினால் தட்டையாகிச் சுருண்டு கொள்ளும், விட்டால் விருட்டென்று நேராகும். மோட்டார் வேண்டாம், ஸ்பிரிங் வேண்டாம். இன்றைக்கும் பல சிறிய செயற்கைக்கோள்களில் இதே வேலைதான். ஆன்டெனாவைப் பெட்டியைச் சுற்றி மடக்கி நைலான் நூலால் கட்டி விடுவார்கள். மேலே போனதும் ஒரு சின்னக் கம்பியில் மின்சாரம் பாய்ந்து சூடாகி நூலை அறுக்கும். டேப் விரியும்.

இனி கியூப்சாட் என்பதற்கு வருவோம். 1999-ல் அமெரிக்காவில் ஜோர்டி புய்க்-சுவாரி, பாப் ட்விக்ஸ் என்ற இரண்டு பேராசிரியர்களுக்கு ஒரு கவலை. மாணவர்கள் ஒரு செயற்கைக்கோளைத் தொடங்கினால் அது முடிவதற்குள் அவர்கள் படிப்பு முடிந்து போய்விடுகிறது. ஆகவே அளவைச் சுருக்கு என்றார்கள். பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர், எடை சுமார் ஒரு கிலோ. கையில் அடங்கும் ஒரு கனசதுரம்.

ஆனால் என் அபிப்பிராயத்தில் அவர்களுடைய பெரிய காரியம் அந்தக் கனசதுரம் இல்லை, அதைப் போட்டு அனுப்பும் கூடுதான். ஒரு நீளப் பெட்டி, ஒரு முனையில் கதவு, மறுமுனையில் ஸ்பிரிங். உள்ளே மூன்று கனசதுரம் வரிசையாக நிற்கும். கதவு திறந்தால் ஸ்பிரிங் தள்ளிவிடும். ராக்கெட்காரர்களுக்குப் பயமெல்லாம் மாணவர் செய்த சாமான் கழன்று போய்ப் பெரிய செயற்கைக்கோளின் மேல் இடித்துவிடுமோ என்பதுதான். கூட்டுக்குள் பூட்டி வைத்ததும் அந்தப் பயம் போயிற்று. அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "செங்கல் மாதிரினு சொல்லு" என்றார். எந்தச் சூளையில் அறுத்தாலும் அளவு ஒன்றாக இருந்தால் எந்தச் சுவரிலும் வைத்துக் கட்டலாம். இதை விடத் தெளிவாக ஒரு புத்தகத்திலும் நான் படிக்கவில்லை.

2003 ஜூன் 30-ல் முதல் கியூப்சாட்கள் ரஷ்யாவிலிருந்து போயின. அதில் டோக்கியோ பல்கலைக்கழக மாணவர்கள் செய்த ஒன்று பத்து வருஷத்துக்கு மேல் பேசிக்கொண்டிருந்தது.

நம் ஊருக்கு வந்தால், இந்தியாவில் ஒரு பல்கலைக்கழகம் செய்த முதல் செயற்கைக்கோள் அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட். குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் இஸ்ரோவின் உதவியோடு உருவானது. சுமார் 40 கிலோ. 2009 ஏப்ரல் 20-ல் பிஎஸ்எல்வி-சி12-ல் போனது. 2010 ஜூலை 12-ல் கர்நாடகா, ஆந்திராவைச் சேர்ந்த ஏழு பொறியியல் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து செய்த ஸ்டட்சாட், ஒரு கிலோவுக்கும் குறைவு. 2011 அக்டோபர் 12-ல் கான்பூர் ஐ.ஐ.டி.யின் ஜுக்னுவும் காட்டாங்கொளத்தூரின் எஸ்.ஆர்.எம்.சாட்டும் ஒரே ராக்கெட்டில். 2016 ஜூன் 22-ல் புனே பொறியியல் கல்லூரியின் ஸ்வயமும் சென்னையின் சத்தியபாமாசாட்டும். 2017 ஜூன் 23-ல் குமாரகோவிலிலிருந்து நியூசாட், 15 கிலோ. இன்னும் உண்டு. நான் சொன்ன பட்டியலைத் திரும்ப ஒருமுறை பாருங்கள். ஒரு பாலிடெக்னிக் பெயர் அதில் இல்லை.

கலாம்சாட் பற்றி எல்லோரும் கேட்பீர்கள். கரூர் மாவட்டம் பள்ளப்பட்டியைச் சேர்ந்த ரிஃபாத் ஷாரூக் 18 வயதில் செய்தது, 64 கிராம்தான். 2017 ஜூன் 22-ல் நாசாவின் ராக்கெட்டில் போனது. ஆனால் பூமியைச் சுற்றவில்லை. மேலே போய்க் கீழே இறங்கும் ராக்கெட் அது. நம் பத்திரிகைகள் இதைச் சரியாக எழுதாததால் பாதிப் பேர் அது இன்னும் மேலே சுற்றுவதாக நினைக்கிறார்கள். சுற்றாவிட்டால் என்ன, 18 வயதில் அந்த வேலை சின்ன வேலையா?

சரி, அந்த 10 சென்டிமீட்டர் பெட்டிக்குள் என்னதான் கஷ்டம்? இங்கேதான் நம்ம சிலபஸ் வருகிறது.

முதலில் மின்சாரம். விண்வெளியில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1,360 வாட் வெயில் விழுகிறது. பெட்டியின் ஒரு பக்கம் 100 சதுர சென்டிமீட்டர். ஆக 13.6 வாட். நல்ல சூரியத் தகடு அதில் 30 சதவீதம் தரும், பக்கம் முழுவதும் தகடு ஒட்டவும் முடியாது. கடைசியில் கைக்கு வருவது ஏறக்குறைய 2 வாட். நம் வீட்டு ஜீரோ வாட் பல்பு கூட இதைவிட அதிகம் தின்னும். இதில் ரேடியோ, கம்ப்யூட்டர், கருவி எல்லாம் ஓட வேண்டும். அதோடு ஒன்றரை மணி நேரச் சுற்றில் அரை மணிக்கு மேல் பூமியின் நிழலில் இருட்டு. பேட்டரியை நம்பித்தான் பிழைப்பு.

அடுத்து சூடு. காற்று இல்லாத இடத்தில் ஃபேன் வைத்து என்ன புண்ணியம்? ஐசி சூடானால் அந்தச் சூடு போர்டு வழியாக, ஸ்க்ரூ வழியாக, சட்டத்துக்கு இறங்கினால்தான் உண்டு. ஒரு ஸ்க்ரூ சரியாக முறுக்கவில்லை என்றால் அது சூடு போகும் வழியை அடைத்த மாதிரி. மெக்கானிக்கல் நண்பர்கள் கவனிக்கவும், இது உங்கள் வேலை.

மூன்றாவது அதிர்வு. மேலே போகிற அந்தச் சில நிமிஷம் ராக்கெட் குலுக்குகிற குலுக்கலில் சரியாகப் பற்றாத பற்று விட்டுவிடும், கனெக்டர் கழன்றுவிடும். அதனால்தான் அனுப்பும் முன் அதிர்வு மேசையில் வைத்துக் குலுக்கிப் பார்க்கிறார்கள். பிறகு காற்று இழுத்த தொட்டியில் வைத்துச் சூடாக்கி, குளிர வைத்துப் பார்க்கிறார்கள்.

இதெல்லாம் எனக்குப் புத்தக அறிவாகத்தான் இருந்தது, எங்கள் கையில் ஒரு டிரை சால்டர் அகப்படும் வரை.

நாங்கள் நாலு பேரும் பங்கு போட்டு, டிவி பார்க்க விற்கும் யுஎஸ்பி டாங்கிள் மாதிரியான ரேடியோ ஒன்று வாங்கினோம். லேப்டாப்பில் சொருகினால் அதுவே ரிசீவர். சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஹாம் ரேடியோ இருக்கிறது. சில நாட்களில் அதிலிருந்து 145.8 மெகாஹெர்ட்ஸில் படம் அனுப்புவார்கள். ஒரு படம் வர 2 நிமிஷம் ஆகும். அது மாணவர் செய்த செயற்கைக்கோள் இல்லை. ஆனால் மாணவர் செயற்கைக்கோளைக் கேட்க என்னென்ன தெரிய வேண்டுமோ அத்தனையும் அதிலேயே பழகலாம். 145.8 மெகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் சுமார் 2.06 மீட்டர். பாதி நீளம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆன்டெனாவுக்கு டேப் வேண்டும்.

"இத வெட்டி என்னடா செய்யப் போற?" என்றார் அப்பா.

"ஆன்டெனாப்பா. மேல சுத்துறதக் கேக்கலாம்."

லாக் உடைந்த பழைய டேப் ஒன்று வைத்திருந்தார். அதைக் கொடுத்துவிட்டு, "அளந்து வெட்டு. ரெண்டு தடவ அளந்துட்டு ஒரு தடவ வெட்டு" என்றார். பிவிசி பைப்பில் குறுக்காக வைத்துக் கட்டினோம். நடுவில் ரெண்டு துண்டு, பின்னால் கொஞ்சம் நீளமாக ஒன்று, முன்னால் கொஞ்சம் குட்டையாக ஒன்று. மஞ்சள் பெயின்டைச் சுரண்டினால்தான் ஈயம் பிடிக்கும், அதை நான் அவசரமாகச் செய்தேன்.

முதல் நாள் மொட்டை மாடியில் நின்று பத்து நிமிஷம் வானத்தைத் துழாவினோம். உஸ்ஸ் என்ற இரைச்சல் தவிர ஒன்றும் இல்லை. ரெண்டாம் நாளும் அதே கதை. சாஃப்ட்வேரைத் திட்டினோம், டாங்கிளைத் திட்டினோம், கடைக்காரரைத் திட்டினோம். மூன்றாம் நாள் கூட்டாளி ஒருத்தி மல்டிமீட்டரை வைத்தாள். கேபிளின் வெளிவலை டேப்போடு சேரவே இல்லை. ஈயம் மேலே பளபளவென்று உட்கார்ந்திருக்கிறது, கீழே பெயின்ட். என் கைவேலைதான்.

சுரண்டி மறுபடி பற்றவைக்க ஐந்து நிமிஷம் ஆனது. அன்று சாயங்காலம் தென்மேற்கிலிருந்து எழும்பி வந்தது. கீச் கீச்சென்று ஒரு சத்தம். லேப்டாப்பில் படம் மேலிருந்து கோடு கோடாக இறங்கியது. பாதியில் நின்றுவிட்டது, அதற்குள் அடிவானத்தில் இறங்கிப் போயிற்று. பக்கத்தில் வரும்போது அதிர்வெண் சுமார் 3 கிலோஹெர்ட்ஸ் கூடுதலாகவும், தாண்டிப் போகும்போது அதே அளவு குறைவாகவும் இருந்தது. டாப்ளர் விளைவு என்று ஐந்து மார்க்குக்கு எழுதி மனப்பாடம் செய்ததை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

அன்று இரவு ஒன்று தோன்றியது. என் டிரை சால்டரை மாடியில் வைத்துச் சரி செய்துவிட்டேன். 500 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தால் யார் சால்டரிங் அயனோடு போவது? மாணவர்கள் அனுப்பிய பல செயற்கைக்கோள்கள் மேலே போய் ஒரு வார்த்தை கூடப் பேசாமல் இறந்திருக்கின்றன. அதற்குக் காரணம் பெரிய தத்துவமாக இருக்க வேண்டியதில்லை. ஒரு பற்று, ஒரு ஸ்க்ரூ, பின்னை உருவ மறந்த ஒரு கை போதும்.

பெரியவர்களுக்கும் இது நடக்கும். 2022 ஆகஸ்ட் 7-ல் இஸ்ரோவின் எஸ்எஸ்எல்வி ராக்கெட் முதல் தடவையாகப் போனது. அதில் ஆசாதிசாட் இருந்தது. 75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள் பங்கெடுத்தது. ஒவ்வொன்றும் 50 கிராம் அளவில் 75 சிறு கருவிகள். ரெண்டாம் அடுக்கு பிரியும்போது ஏற்பட்ட அதிர்வில் ராக்கெட்டின் வேகமானிகள் ஒரு நொடிப்பொழுது அளவைத் தாண்டிப் போயின. சென்சார்கள் கெட்டுவிட்டன என்று ராக்கெட்டின் கம்ப்யூட்டர் தவறாக முடிவெடுத்தது. 356 கிலோமீட்டர் வட்டப் பாதையில் போக வேண்டியது, 356-க்கு 76 கிலோமீட்டர் என்ற நீள்வட்டத்தில் போய்விட்டது. 76 கிலோமீட்டரில் காற்று இருக்கிறது, தாங்காது. அத்தனையும் போயிற்று. ஆனால் விடவில்லை. 2023 பிப்ரவரி 10-ல் ஆசாதிசாட்-2, 8.7 கிலோ, 450 கிலோமீட்டர் உயரத்தில் சரியாக இறங்கியது.

அந்தப் பிள்ளைகளுக்குக் கிட்டாகப் போர்டைக் கொடுத்தார்கள், புரோகிராம் ஏற்றினார்கள், இது செயற்கைக்கோள் செய்ததாகுமா என்று சிலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயம்தான். ஆனால் என் பதில் வேறு. எட்டாவது படிக்கும் பெண்ணின் கையில் ஒரு போர்டைக் கொடுப்பது முதல் படி. முதல் படியிலேயே போட்டோ எடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டால்தான் தப்பு.

இந்த விஷயத்தில் அவர்களைக் கேட்க நமக்கு யோக்கியதை இருக்கிறதா? கடைசி வருஷப் புராஜெக்டைக் கடையில் ரெடிமேடாக வாங்குகிறவர்கள் எத்தனை பேர் என்று நம் எல்லோருக்கும் தெரியும். வைவாவில் "இந்த ஐசி எதுக்குப்பா?" என்று கேட்டதற்கு, "அது கடையிலேயே வச்சுக் குடுத்தாங்க சார்" என்று ஒரு சீனியர் பதில் சொன்ன கதை இன்றைக்கும் லேபில் ஓடுகிறது. நானும் சிரித்தேன். பிறகு என் வீட்டை நினைத்தேன். அந்தக் கடைக்குக் கட்டுகிற பணம் அப்பாவுக்குப் பல நாள் கூலி. அதைக் கொடுத்து நான் ஒன்றும் தெரியாதவனாகவே வெளியே வர வேண்டுமா?

இனி உதவி என்று எதைச் சொல்கிறேன் என்று எழுதிவிடுகிறேன். ராக்கெட்டில் இடம் கேட்கும் நிலையில் நாம் இல்லை. இருந்தாலும் முன்பை விட இப்போது கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. பிஎஸ்எல்வியின் நாலாம் அடுக்கு வேலை முடிந்ததும் குப்பையாகாமல் அதையே பரிசோதனை மேடையாக இஸ்ரோ பயன்படுத்துகிறது. பெயர் போயம். 2024 டிசம்பர் 30-ல் போன ராக்கெட்டில் அப்படி 24 கருவிகள் இருந்தன. தட்டைப்பயறு முளைத்தது அதில்தான். பெங்களூரு ஆர்.வி. பொறியியல் கல்லூரி மாணவர்களின் கருவியும் இருந்தது. மேடையே மின்சாரம் கொடுக்கும், திசை பார்த்துக்கொள்ளும். கருவியை மட்டும் செய்து கொடுத்தால் போதும்.

நமக்கு அதற்கும் முந்தின படி இருக்கிறது. கேன்சாட். குளிர்பானக் கேன் அளவு டப்பாவுக்குள் சென்சார், பேட்டரி, ரேடியோ. 1998-ல் அதே பாப் ட்விக்ஸ் சொன்ன யோசனை. உயரத்திலிருந்து பாராசூட்டில் விட்டால் இறங்கிக்கொண்டே அழுத்தமும் வெப்பமும் அனுப்ப வேண்டும். தரைக்குப் பக்கத்தில் 8 மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் சுமார் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும். பிஎம்பி 280 என்ற சின்ன சென்சாருக்கு நம்ம ஓவர்ஹெட் டேங்கின் உயரமே தாராளமாகத் தெரியும். 865 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் குறைந்த சக்தியில் அனுப்ப லைசென்ஸ் வேண்டாம். ஹாம் அலைவரிசையில் அனுப்பத்தான் பரீட்சை எழுத வேண்டும், அதற்கும் நாங்கள் ரெண்டு பேர் படித்துக்கொண்டிருக்கிறோம்.

டப்பாவை மெக்கானிக்கல் செய்யட்டும். பாராசூட் தைக்க, அக்கா தங்கச்சி டெய்லராக இருக்கிறவர்கள் சொல்லுங்கள். புரோகிராமுக்கு கம்ப்யூட்டர் பிரிவு. டேங்க் மேல் ஏற சிவில் ஆட்களிடம்தான் கயிறும் தைரியமும் இருக்கிறது. சங்க நிதியிலிருந்து நாங்கள் கேட்பது இந்த மலரின் அட்டைக்குக் கலர் அச்சுக்கு ஆகும் செலவை விடக் குறைவு. செயலாளர் இந்த வரியை வெட்டாமல் போடுவான் என்று நம்புகிறேன். பணத்தை விட முக்கியமாக, சனிக்கிழமை சாயங்காலம் எலக்ட்ரானிக்ஸ் லேபின் சாவி வேண்டும். கருவி கெட்டுப்போகும் என்று பூட்டி வைத்த லேபில் எவனும் பற்றவைக்கக் கற்றுக்கொள்ள முடியாது. இதை மரியாதையோடுதான் எழுதுகிறேன், சார்.

அந்தப் பாதிப் படத்தை அப்பாவிடம் போனில் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "என் டேப்புலயா வந்துச்சு?" என்றார். ஆமாம் என்றேன். மறுநாள் வேலைக்குப் போனவர் கூட வேலை பார்க்கும் ஆட்களிடம் கேட்டு, உடைந்த டேப் ரெண்டு வாங்கி வந்து கொடுத்தார்.

இன்னும் நாலு ஆன்டெனா செய்ய வேண்டும். சேர விரும்புகிறவர்கள் சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் மொட்டை மாடிக்கு வாருங்கள். வீட்டில் பழைய டேப் இருந்தால் எடுத்து வாருங்கள். துருப்பிடித்திருந்தால் பரவாயில்லை, மடிந்து ஒடிந்தது மட்டும் வேண்டாம்.